ஊசி குத்தும்போது நரம்புக்கு என்ன நடக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது உண்மையில் இரண்டு கேள்விகள். ஒற்றைத் தலைவலிக்கு அக்குபங்சர் எடுத்துக்கொள்கிறீர்கள். ஊசி போடுவது கையிலும் காலிலும் பின்கழுத்திலும்தான், ஆனால் தலைவலி வருவது குறைந்திருக்கிறது. இது நரம்பு வழியாக நடக்கும் நிஜமான விளைவா, இல்லை நம்பிக்கையால் வரும் நிம்மதியா என்பது முதல் கேள்வி. நரம்பைத் தூண்டும் சிகிச்சை என்று சொல்கிறார்களே, அப்படியென்றால் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன அப்பாவுக்கும் இது நரம்பைச் சரிசெய்து தருமா என்பது இரண்டாவது. எனக்கு அவசரமாகப் படுவது இரண்டாவதுதான். ஆனால் முதலாவதைப் பேசாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் பல ஆண்டுகளாக வலி மருத்துவத்தில் இருப்பவன், ஊசி போடவும் முறையாகக் கற்றவன். என் அனுபவம் வலியோடு நின்றுவிடுகிறது. குழந்தையின்மை, உடல் எடை, ஒவ்வாமை போன்றவற்றுக்குள் நான் இங்கே போகவில்லை.

அக்குபங்சர் ஊசிக்கும் மருந்து ஏற்றும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. இதில் உள்துளை கிடையாது. தடிமன் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்தான். தோலைத் தாண்டும்போது சுருக்கென்று ஒரு நொடி இருக்கும். அப்புறம் ஊசி தசைக்குள் இறங்கி, அதை விரல்களுக்கிடையே லேசாக உருட்டும்போது வருவது வேறு உணர்வு. அந்த இடம் கனக்கும், மதமதவென்றிருக்கும், உள்ளே அழுத்துவதுபோல் மந்தமான ஒரு வலி பரவும். சீன மரபில் இதைத் 'தே சீ' என்கிறார்கள். இந்த இரண்டும் வெவ்வேறு நரம்பு இழைகளின் வேலை. சுருக்கென்ற குத்தலைக் கொண்டுபோவது மெல்லிய உறை போர்த்திய ஏ-டெல்டா இழைகள். அவற்றின் வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். மந்தமான வலியில் பெரும்பங்கு உறையே இல்லாத சி இழைகளுடையது. அவை நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. அந்த நேரத்தில் ஊசியை உருட்டுகிறவரின் விரலுக்கும் ஒன்று தெரியும்: சதை ஊசியைக் கவ்விக்கொள்ளும். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலீன் லாங்கெவினும் அவருடைய குழுவினரும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். தோலுக்கும் தசைக்கும் இடையே இருக்கும் இணைப்புத் திசுவின் இழைகள், கதிரில் நூல் சுற்றுவதுபோல ஊசியைச் சுற்றிக்கொள்கின்றன. அந்த இழுவை ஊசி தொடாத அக்கம்பக்கத்துத் திசுவையும் இழுக்கிறது. குத்திய துளையைவிட உணர்வு பரவலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தச் செய்தி நரம்பு வழியாகத்தான் போகிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1973-இல் சீன ஆய்வாளர்கள் செய்த ஒரு எளிய சோதனை எனக்கு இன்னமும் பிடித்தமானது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் 'ஹேகு' என்று ஒரு புள்ளி இருக்கிறது. அங்கே ஊசி போட்டால் உடலின் மற்ற இடங்களில் வலி உணர்வு ஓரளவு மட்டுப்படும். அந்த இடத்துத் தோல் நரம்புகளை மட்டும் புரோகெய்ன் கொடுத்து மரக்கச் செய்தார்கள். ஊசியின் விளைவு குறையவில்லை. ஆழத்தில் தசைக்குப் போகும் நரம்புகளை மரக்கச் செய்தார்கள். விளைவு காணாமல் போனது. அதாவது நரம்பு விழித்திருந்தால்தான் ஊசி வேலை செய்யும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அப்பா விஷயத்தில் இதுதான் முக்கியம்.

நரம்பு வழியாக வரும் செய்தி முதலில் தண்டுவடத்துக்குப் போகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் நாம் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோம், வலி கொஞ்சம் அடங்குகிறது. ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் முன்வைத்த வாயில் கோட்பாடு இதற்குத்தான் விளக்கம் தந்தது: வலிச் செய்தி தண்டுவடத்தில் அப்படியே மேலே அனுப்பப்படுவதில்லை, அங்கேயே கூட்டவும் குறைக்கவும்படுகிறது. அந்தக் கோட்பாட்டின் சில விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்துவிட்டது. ஊசியின் செய்தி தண்டுவடத்தின் எந்த மட்டத்தில் நுழைகிறதோ, அதே மட்டத்துக்கு வரும் வலியை அங்கேயே தணிக்க முடியும். வலிக்கிற இடத்துக்கு அருகில் ஊசி போடுவதற்கு உடலியல் சொல்லும் நியாயம் இதுதான்.

தண்டுவடத்திலிருந்து செய்தி மூளைத்தண்டுக்கு ஏறுகிறது. அங்கே நடுமூளையில் வலியைக் கட்டுப்படுத்தும் ஒரு பகுதி இருக்கிறது. அது தூண்டப்பட்டால் மேலிருந்து கீழே ஒரு கட்டளை இறங்கி, தண்டுவடத்தில் வலிச் செய்தியை அமுக்குகிறது. பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் 1970-களில் முயல்களில் செய்த சோதனை இந்த வழியில் ஏதோ ரசாயனம் இருக்கிறது என்று காட்டியது. ஊசி போட்ட முயலின் மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுத்து, ஊசியே போடாத இன்னொரு முயலின் மூளைக்குள் செலுத்தினார்கள். அந்த முயலுக்கும் வலி உணர்வு மட்டுப்பட்டது. அப்போது அது என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் உடலே தயாரிக்கும் மார்ஃபின் போன்ற பொருளான என்கெஃபாலினைக் கண்டுபிடித்த பிறகுதான் புதிர் அவிழத் தொடங்கியது. 1977-இல் அமெரிக்காவில் டேவிட் மேயரின் குழு, ஊசியால் பல்வலி உணர்வு குறைந்தவர்களுக்கு நலோக்சோன் கொடுத்துப் பார்த்தது. மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் மருந்து அது. கொடுத்ததும் வலி உணர்வு திரும்பியது. பின்னர் ஊசியில் லேசான மின்சாரம் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் ஹானின் குழு இன்னொன்றையும் கண்டது. நொடிக்கு 2 துடிப்பு கொடுத்தால் முக்கியமாக என்கெஃபாலினும் அதே வகைப் பொருளான எண்டார்ஃபினும் சுரக்கின்றன, 100 துடிப்பு கொடுத்தால் அந்த வகையிலேயே இன்னொன்றான டைனார்ஃபின். வெறும் நம்பிக்கைக்கு நொடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணத் தெரியாது. அதனால் இந்தக் கண்டுபிடிப்பை நான் வலுவானதாக மதிக்கிறேன்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். 'எண்டார்ஃபின் சுரக்கிறது, எனவே அக்குபங்சர் நிரூபிக்கப்பட்டுவிட்டது' என்று பலர் வாதத்தை முடித்துவிடுகிறார்கள். 1978-இலேயே ஜான் லெவினும் ஹோவர்ட் ஃபீல்ட்ஸும் இன்னொரு விஷயத்தைக் காட்டிவிட்டார்கள். பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசியை வலி மருந்து என்று கொடுத்தால் சிலருக்கு வலி குறையும், அந்தக் குறைவையும் நலோக்சோன் திருப்பிவிடுகிறது. நம்பிக்கையும் அதே எண்டார்ஃபின் பாதையில்தான் பயணம் செய்கிறது. ஆகவே 'நரம்பா, நம்பிக்கையா' என்ற கேள்வியே சரியாகப் பிரிந்து நிற்பதில்லை. நம்பிக்கையும் மூளையில் நடக்கும் நிஜமான வேலைதான். இரண்டாவது எச்சரிக்கை: எண்டார்ஃபின் விளைவு சில மணி நேர விஷயம். உங்களுக்கு மாதக்கணக்கில் தலைவலி குறைந்திருப்பதை அதை மட்டும் வைத்து விளக்க முடியாது. திரும்பத் திரும்பத் தூண்டும்போது வலிப் பாதைகளின் கூர்மை மெல்ல மங்குகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். நியாயமானதுதான், ஆனால் மனிதர்களில் இன்னும் உறுதியாகவில்லை.

உங்கள் தலைவலிக்கே வருகிறேன். பின்கழுத்தில் மண்டையோட்டின் அடியில் போடும் ஊசிக்கு நேரடிப் பாதை இருக்கிறது. கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும், முகத்திலிருந்தும் மூளையைச் சுற்றிய சவ்விலிருந்தும் வரும் முப்பெருநரம்பும் ஒரே நரம்புக்கருவில் வந்து சேர்கின்றன. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குக் கழுத்தும் சேர்ந்து இறுகி வலிப்பது இதனால்தான். கழுத்தில் கொடுக்கும் தூண்டல் தலைவலிப் பாதையைத் தொடுவதும் இதனால்தான். கைக்கும் காலுக்கும் அப்படிப்பட்ட நேர்வழி கிடையாது. அங்கிருந்து வரும் விளைவு, மூளைத்தண்டிலிருந்து உடல் முழுவதற்கும் இறங்கும் பொதுவான வலித் தணிப்புதான். ஒரு வலி இன்னொரு வலியை அமுக்கும் இந்த ஏற்பாட்டை 1979-இல் பிரான்ஸில் டேனியல் லெ பார்ஸ் எலிகளில் விவரித்தார். இதற்குக் குறிப்பிட்ட புள்ளி தேவையில்லை. உடலில் எங்கே வலிக்கக் குத்தினாலும் கொஞ்சமாவது கிடைக்கும்.

இதனால்தான் போலி ஊசியோடு (நிஜ சிகிச்சைபோல் தோன்றும்படி ஒப்பீட்டுக்காகப் போடும் ஊசி) ஒப்பிடும் ஆய்வுகளைப் புரிந்துகொள்வதில் இத்தனை குழப்பம். ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கு அக்குபங்சர் பற்றி 2016-இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 22 ஆய்வுகளையும் ஏறக்குறைய 5,000 நோயாளிகளையும் அலசியது. தலைவலி வரும் தடவை பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 100-க்கு 41 பேர், போடாதவர்களில் 17 பேர். இது பெரிய வித்தியாசம். ஆனால் நிஜ ஊசியையும் போலி ஊசியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது: 100-க்கு நிஜ ஊசியில் 50 பேர், போலி ஊசியில் 41 பேர். சிறியது, ஆனாலும் இருக்கிறது. தடுப்பு மாத்திரைகளோடு ஒப்பிட்டபோது மூன்று மாத முடிவில் ஊசிக்கு 57, மாத்திரைக்கு 46. இந்த எண்களிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: உங்களுக்குக் கிடைத்த பலனில் பெரும்பகுதி 'ஊசி போட்டுக்கொள்வது' என்ற மொத்த அனுபவத்திலிருந்து வருகிறது. அதில் எதிர்பார்ப்பும், அமைதியாகப் படுத்திருக்கும் அரைமணி நேரமும், எங்கே குத்தினாலும் வரும் நரம்புத் தூண்டலும் அடக்கம். சரியான புள்ளியில் சரியான ஆழத்தில் போடுவதால் மேலதிகமாகக் கிடைப்பது கொஞ்சம்தான். சில ஆய்வுகளில் போலி ஊசியும் தோலைத் துளைக்கத்தான் செய்கிறது, துளைக்காதபோதும் தோலைத் தொடுகிறது. அதையும் கணக்கில் வையுங்கள்.

வலி குறைந்த அளவு ஒன்றாக இருந்தும் உள்ளே நடப்பது வேறாக இருக்கலாம் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. 2009-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் ஃபைப்ரோமயால்ஜியா என்ற உடல்வலி நோயுள்ள 20 பெண்களின் மூளையைப் படமெடுத்தார்கள். நிஜ ஊசிக்காரர்களுக்கும் போலி ஊசிக்காரர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. ஆனால் மார்ஃபின் வகைப் பொருள்களைப் பற்றும் ஏற்பிகளின் திறன் நிஜ ஊசி போட்டவர்களிடம் மட்டும் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், அடித்துச் சொல்ல முடியாது. மூளைப் படங்களை நம்பி ஏமாந்த கதையும் இந்தத் துறையில் இருக்கிறது. கண்ணுக்குரியது என்று மரபு சொல்லும் கால் சுண்டுவிரல் ஓரப் புள்ளியில் ஊசி போட்டால் மூளையின் பார்வைப் பகுதி தூண்டப்படுகிறது என்று 1998-இல் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது. 2006-இல் அதை எழுதியவர்களில் பலரே அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். இன்றும் பல விளம்பரங்களில் அந்தக் கட்டுரை வருகிறது. பார்த்தால் நம்பாதீர்கள்.

வலியைத் தவிர, தன்னிச்சை நரம்பு மண்டலத்தையும் ஊசி தொடுகிறது. இதயத் துடிப்பு, குடல் அசைவு, வியர்வை எல்லாம் அதன் கட்டுப்பாட்டில் இருப்பவை. ஊசி போட்டதும் சிலருக்குத் தூக்கம் சொக்குகிறது, சிலருக்கு வயிறு கடகடவென்கிறது, சிலர் மயங்கியே விழுந்துவிடுகிறார்கள். எல்லாம் இந்த மண்டலத்தின் வேலைதான். மிக நுட்பமான ஆய்வு 2021-இல் வந்தது. ஹார்வர்டில் சியூஃபு மாவின் குழு, எலியின் பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள புள்ளியில் மெல்லிய மின்சாரம் கொடுத்தது. செய்தி, மூளைத்தண்டிலிருந்து உள்ளுறுப்புகளுக்கு ஓடும் வேகஸ் நரம்பு வழியாக, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிக்குப் போய், நச்சுப்பொருளால் உண்டான அழற்சியைக் குறைத்தது. அதே மின்சாரத்தை வயிற்றில் கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. காரணத்தையும் தேடிப் பிடித்தார்கள். காலின் ஆழமான திசுக்களில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட வகை உணர்வு நரம்பணு வயிற்றுத் திசுக்களில் இல்லை. அந்த நரம்பணுக்களை நீக்கிவிட்டால் காலில் கொடுத்த மின்சாரத்துக்கும் பலனில்லை. இடம் முக்கியம்தான், ஆனால் அது நரம்பு எப்படி ஓடுகிறது என்பதால் முக்கியமாகிறது. இது எலி என்பதையும் மறக்கக் கூடாது. மனிதரின் அழற்சி நோய் இதனால் தீரும் என்று இன்று யாராவது சொன்னால் அது ஆய்வு சொல்லாததைச் சொல்வது.

ஊசிப் புள்ளிகளை இணைக்கும் சக்தி நாளங்கள் என்று மரபு சொல்லும் பாதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அப்படி ஒரு குழாயோ இழையோ உடற்கூறில் இதுவரை காணப்படவில்லை. ஆனால் பல புள்ளிகள் நரம்புகளின் மேலேயோ பக்கத்திலேயோதான் இருக்கின்றன. உங்கள் மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள். உள்பக்கத்தில், மணிக்கட்டுக் கோட்டிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாண்கள் எழும்பி நிற்கும் (சிலருக்கு ஒன்றுதான் இருக்கும்). அவற்றுக்கு நடுவில் உள்ளதுதான் 'நெய்குவான்' புள்ளி. நேர் கீழே ஓடுவது கையின் நடுநரம்பு. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலை இந்தப் புள்ளியைத் தூண்டுவது குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மரபு பல நூற்றாண்டுகள் தொட்டுப் பார்த்துச் சேர்த்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். அதற்கு அவர்கள் சொன்ன விளக்கத்தையும் சேர்த்து ஏற்க வேண்டியதில்லை.

இனி உங்கள் அப்பா. இதுவரை சொன்ன எல்லாமே, உயிரோடு இருக்கும் நரம்பு வழியாகச் செய்தி அனுப்பி மூளையும் தண்டுவடமும் எப்படி எதிர்வினை செய்கின்றன என்பதுதான். நரம்பு வழியாக வேலை செய்வது வேறு, கெட்ட நரம்பைக் குணமாக்குவது வேறு. சர்க்கரை நோயில் முதலில் கெடுவது உடலிலேயே மிக நீளமான இழைகள். அதனால்தான் மரமரப்பு கால்விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. அந்த இழையின் உயிர்நிலை முதுகெலும்பின் பக்கத்தில் இருக்கிறது, நுனி ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி. நல்ல சூழலில்கூட, வெட்டுப்பட்ட நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளர்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் அந்தச் சூழலே இல்லை. ஊசி அந்த இழையைத் திரும்ப வளர்த்துத் தரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. மரத்துப்போகாமல் எரிச்சலும் குத்தலும் மட்டும் இருந்தால், அந்த வலியைத் தணிக்க முயன்று பார்க்கலாம். அதற்கான ஆய்வுகள் சிறியவை, தரமும் சுமார். மரமரப்புக்காக என்றால் நான் போடமாட்டேன்.

இதற்கு எதிராக ஒரு ஆய்வை யாராவது உங்களுக்குக் காட்டலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் நடுநரம்பு நசுங்கி விரல்கள் மரக்கும் நோய் உள்ள 80 பேரிடம் விடாலி நபடோவின் குழு செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. நிஜ ஊசி, போலி ஊசி இரண்டிலுமே அறிகுறிகள் குறைந்தன. ஆனால் நரம்பில் செய்தி செல்லும் வேகம் நிஜ ஊசி போட்டவர்களிடம் மட்டும் சற்று மேம்பட்டது. எனக்கே வியப்பளித்த முடிவு இது. ஆனால் அங்கே நரம்பு ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது, சாகவில்லை. அங்கே ரத்த ஓட்டம் கொஞ்சம் கூடினாலும் பலன் தெரியலாம். சர்க்கரை நோயில் நுனியிலிருந்து உதிர்ந்துவரும் நரம்புக்கு இதைப் பொருத்திப் பேசுவது சரியாகாது.

மரத்த பாதத்தில் ஊசி போடுவதில் ஆபத்தும் இருக்கிறது. தப்பாக இறங்கினாலும் அவருக்குத் தெரியாது, புண்ணானாலும் தெரியாது, சர்க்கரை நோயில் பாதப் புண் ஆறுவது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஊசியோடு மூலிகை சுட்டுச் சூடு காட்டும் முறை வேண்டவே வேண்டாம். பொதுவாக அக்குபங்சர் பாதுகாப்பானதுதான். ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்த ஆய்வில் 8.6 சதவீதம் பேருக்கு ஏதாவது பக்கவிளைவு இருந்தது, பெரும்பாலும் சிறு ரத்தக்கசிவு, கன்றிப்போதல், வலி. நெஞ்சில் ஊசி ஆழமாக இறங்கி நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது இரண்டு பேருக்கு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

உங்களுக்கு உதவுகிறது என்றால் தொடருங்கள், கூடவே எந்தெந்த நாள் தலைவலி வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். இரண்டு மூன்று மாதக் குறிப்பைப் பார்த்தால் நிஜமாகவே குறைகிறதா என்று உங்களுக்கே தெரியும். இதுவரை வராத மாதிரி திடீரென்று வெடிப்பதுபோல் தலைவலி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் வலுவிழந்தாலோ ஊசிக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப்போய் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பாருங்கள், பாதத்தில் நைலான் இழையை அழுத்தியும் இசைக்கவையை (தட்டினால் அதிரும் உலோகக் கவை) வைத்தும் உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவராக இருந்தால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரை பல ஆண்டுகளில் பி12-ஐக் குறைத்துவிடும், அந்தக் குறைபாடும் பாதத்தை மரக்கச் செய்யும். அப்பாவுக்கு அதுதான் காரணமாகவோ கூடுதல் காரணமாகவோ இருந்தால், நேரத்தோடு பிடித்துவிட்டால் சரிசெய்ய வழியுண்டு.